நிரப்பிய பெயர்

மூலப் பிரதியைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கேட்ட முதல் வாசகி மரகதம்தான். தேசிய நூலகம் பாறைக்குள் குடியேறிப் பதினொரு வருடங்கள் ஆகியிருந்தன. அத்தனை வருடங்களில் அதற்கான மஞ்சள் படிவத்தை யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. படிவம் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதே முன்மேசைப் பெண்ணுக்குத் தெரியவில்லை. கீழே ஆள் அனுப்பி வசுமதியை வரச் சொன்னாள்.

வசுமதி பெட்டகக் காப்பாளர். வயது ஐம்பத்து நான்கு. கடல் சென்னைக்குள் வந்து உட்கார்ந்தபோது, ஈரப் புத்தகங்களை லாரி லாரியாக ஏற்றிக்கொண்டு மேற்கே வந்தவர்களில் அவளும் ஒருத்தி. கரூருக்கு அப்பால் கைவிடப்பட்ட ஒரு கல்குவாரியைக் குடைந்து ஏழு தளங்கள் இறக்கி, புதிதாகப் பிறந்த தென்கூட்டமைப்பு தனக்கென ஒரு தேசிய நூலகத்தைக் கட்டிக்கொண்டது. மேலே கண்ணாடிக் கூரை போட்ட வாசிப்பு மண்டபம். அதில் இருநூறு திரைகள். காகிதமெல்லாம் கீழே.

மரகதத்துக்கு நாற்பது வயது இருக்கும். இரண்டு பஸ் மாறி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. மடியில் ஒரு பள்ளிப் பாடப்புத்தகம் வைத்திருந்தாள்.

"நீங்கதானுங்களா காப்பாளர்?"

"ஆமா, சொல்லுங்க."

"இதைக் கொஞ்சம் பாருங்க."

அவள் பிரித்துக் காட்டியது ஆறாம் வகுப்பு வரலாற்றுப் பாடம். பூலாங்காட்டு நூற்பாலைத் துப்பாக்கிச் சூடு. தொண்ணூறு வருடங்களுக்கு முன் கூலி உயர்வு கேட்டு ஊர்வலம் போன தொழிலாளர்களைப் பாலத்தருகில் காத்திருந்து போலீசார் சுட்டதில் பதினொரு பேர் இறந்துபோனார்கள். ஊர்வலம் வரும் வழியைப் போலீசாருக்குக் காட்டிக்கொடுத்தவன் சக தொழிலாளி அங்கப்பன். பாடத்தின் கடைசியில் கேள்விகள். 'துரோகி அங்கப்பனின் செயலிலிருந்து நீ அறிவது யாது?'

"இந்த அங்கப்பன் எங்கப்பாவோட தாத்தாங்க" என்றாள் மரகதம். "ஏழு வருசத்துக்கு முன்னால வரைக்கும் எங்க ஊர்ல இந்தப் பேச்சே கிடையாதுங்க. சூடு நடந்தது தெரியும். நினைவுத்தூண் இருக்குது. அதுல சங்கத்துக்காரங்க பேருல எங்க தாத்தா பேரும் இருந்துச்சு. நீங்க அந்தப் பழைய பேப்பரைத் தொறந்து விட்டீங்க. அதுக்கப்புறந்தான் எல்லாம்."

அந்தப் பழைய பேப்பர் 'பூலாங்காடு மித்திரன்' என்ற வாரப் பத்திரிகை. அது பொது வாசிப்புக்குத் திறக்கப்பட்ட வருடம் வசுமதிக்கு நன்றாக நினைவிருந்தது. ஒரே மாதத்தில் நான்கு லட்சம் பேர் படித்தார்கள். நூலகத்தில் அதற்கு விருந்தே வைத்தார்கள்.

"முதல்ல தூண்ல இருந்த பேரைக் கொத்தி எடுத்தாங்க. அப்புறம் எங்க மாவு மில்லுக்கு ஆளுக வர்றதை நிறுத்திட்டாங்க. தங்கச்சிக்கு நிச்சயம் பண்ணின கல்யாணம் நின்னு போச்சு. எங்கப்பா, குப்புராசுன்னு பேரு, அவரு சண்டைக்குப் போகலைங்க. லைப்ரரில இருக்குது, கவர்மென்ட் லைப்ரரி பொய்யா சொல்லும்னாரு. வருசா வருசம் நினைவு நாள் அன்னிக்கு அந்தத் தூணுக்கு முன்னால போயி விழுந்து கும்பிட்டு மன்னிப்புக் கேட்பாரு. மூணு வருசம் கேட்டாரு. யாரும் ஒரு வார்த்தை சொல்லலை. நாலு வருசம் ஆச்சு, ஒரு நாள் காலையில எங்க தோட்டத்துக் கிணத்துல மிதந்தாருங்க."

வசுமதி பாடப்புத்தகத்தை மூடி அவளிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"இப்ப எம்பொண்ணு ஆறாங்கிளாசு. அவ கிளாசுல இந்தப் பாடம் நடத்துறாங்க. நான் வேற ஒண்ணும் கேட்கலைங்க. அந்தக் காயிதத்தை என் கண்ணால பார்க்கணும். எங்கப்பா செத்தது எந்த எழுத்துக்காகன்னு பார்க்கணும்."

மூலப் பெட்டியைத் திறக்க இயக்குநரின் கையெழுத்து வேண்டும். ஆனால் ஒவ்வொரு தாளையும் திருத்தாமல் எடுத்த முதல் படம் காப்பாளரின் திரையில் கிடைக்கும். வசுமதி மரகதத்தைத் தன் அறைக்கு அழைத்துப் போய் அந்தப் படத்தை எடுத்துக் காட்டினாள்.

பழுப்பேறிய தாள். மூன்றாம் பத்தியின் அடியில் செய்தி முடியும் இடத்தை ராமபாணப் பூச்சி தின்றிருந்தது. 'ஊர்வலம் வரும் வழியைப் போலீசாருக்குக் காட்டிக் கொடுத்தவர்' என்பதுவரை தெளிவாக இருந்தது. அதற்குப் பிறகு ஆறேழு எழுத்து கொள்ளும் அளவுக்கு ஓர் ஓட்டை. ஓட்டைக்கு அப்புறம் 'என விசாரணையில் தெரிய வந்தது.' அதற்குக் கீழே தாளின் மூலையே இல்லை.

மரகதம் திரைக்கு வெகு அருகில் முகத்தைக் கொண்டுபோனாள்.

"பேரு எங்கீங்க?"

"இல்ல."

"இல்லைன்னா?"

"இங்க ஒரு இயந்திரம் இருக்கும்மா. நிரப்பின்னு பேரு. பூச்சி தின்ன இடம், தண்ணி பட்டு மை கரைஞ்ச இடம், இதையெல்லாம் அதுதான் படிக்கும். முன்னாடி என்ன இருக்கு, பின்னாடி என்ன இருக்கு, அதே பத்திரிகை வேற இடத்துல எப்படி எழுதியிருக்கு, எல்லாத்தையும் பார்த்து, இந்த இடத்துல இதுதான் இருந்திருக்கும்னு போடும். சென்னையில இருந்து வந்த புத்தகத்துல பாதிக்கு மேல ஓட்டைதான். நிரப்பி இல்லைன்னா ஒண்ணையும் படிக்க முடிஞ்சிருக்காது."

"எங்க தாத்தா பேரை ஏன் போட்டுச்சு?"

வசுமதி அதே இதழின் முந்தைய பக்கத்தை எடுத்தாள். காயமின்றித் தப்பியவர்களின் பட்டியல் அதில் இருந்தது. அங்கப்பன் சாட்சி சொல்லியிருந்தார். இதழ் முழுக்க ஐந்து இடங்களில் அவர் பெயர் வந்தது. வேறு எந்தப் பெயரும் இரண்டு தடவைக்கு மேல் வரவில்லை.

"காட்டிக் கொடுத்தவர்னு வந்தா அடுத்து ஒரு பேரு வரணும். உயிரோட இருக்கிற ஒருத்தர் பேரா இருக்கணும். இந்தப் பேருதான் அதிகமா இருந்தது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

வசுமதி மறுபடி ஓட்டை விழுந்த பக்கத்துக்குத் திரும்பினாள். மரகதம் அந்த ஓட்டையின் மேல் விரலை வைத்தாள். "ஓட்டைன்னு அதுலயே எழுதியிருக்கலாமல்லங்க" என்றாள்.

எழுதியிருந்தார்கள். முதல் மூன்று வருடங்கள், நிரப்பி போட்ட எழுத்துகள் எல்லாம் சாம்பல் நிறத்தில்தான் தெரிந்தன. வாசகர்களுக்குக் கண் வலித்தது. நீதிபதிகள், சாம்பல் எழுத்தைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ள முடியாது என்றார்கள். நிலப் பத்திரங்கள் எல்லாம் நின்றுபோயின. நிரப்பியின் கணிப்பு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரியாக இருப்பதாக ஓர் ஆய்வு வந்தது. எட்டு வருடங்களுக்கு முன் ஐந்து பேர் கொண்ட குழு ஒன்று கூடி, சாம்பலைக் கறுப்பாக மாற்றலாம் என்று கையெழுத்திட்டது. நான்காவது கையெழுத்து வசுமதியுடையது. அன்று மதியம் சாப்பாட்டில் பால் பாயசம் போட்டார்கள் என்பதுகூட அவளுக்கு நினைவிருந்தது.

இதை அவள் மரகதத்திடம் சொல்லவில்லை. "எனக்குக் கொஞ்ச நாள் கொடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

மித்திரனின் அந்த இதழ் ஆயிரம் பிரதியாவது அச்சாகியிருக்கும். இன்னொன்று எங்காவது இருந்தாக வேண்டும். நான்காம் தளத்தில் பிரிக்காத மூட்டைகள் கிடந்தன. வெள்ளத்துக்குப் பயந்து மக்கள் வீடுகளிலிருந்து கொண்டுவந்து கொட்டியவை. அவற்றைப் பட்டியலிட ஆளில்லை. அடுத்த நாள் காலை முதல் வசுமதி அங்கே இறங்கினாள்.

வாழ்க்கை முழுக்க நூலகத்தில் இருந்தவள், ஒரு நூலகத்தை முதல்முறையாகப் பார்ப்பதுபோல் இருந்தது அவளுக்கு. திரையில் எல்லாம் ஒரே எழுத்து, ஒரே வெளிச்சம். இங்கே ஒவ்வொரு மூட்டையும் ஒவ்வொரு வாசனை அடித்தது. கல்யாணப் பத்திரிகைகள், மஞ்சள் தடவிய மூலைகளோடு. சினிமாப் பாட்டுப் புத்தகங்கள். ஒரு ஓமியோபதி வைத்தியரின் நாற்பது வருட நோட்டுகள், நோயாளிகளின் கனவுகள் உட்பட. கோழிப் பண்ணை வைப்பது எப்படி என்ற நூலின் ஓரத்தில் யாரோ ஒரு பெண் தன் பிரசவ வலியை நேரம் போட்டு எழுதியிருந்தாள். நான்கு மணி பத்து நிமிடத்துக்குப் பிறகு எழுத்து இல்லை. நிரப்பியிடம் இந்தப் பக்கத்தைக் கொடுத்தால் அந்தப் பெண்ணுக்கு ஒரு குழந்தையைக் கொடுத்துவிடும் என்று வசுமதி நினைத்தாள். நினைத்ததும் பக்கத்தை மூடினாள்.

பத்தொன்பதாம் நாள் அது கிடைத்தது. பூலாங்காட்டு அரிசி மண்டி ஒன்றின் பெயர் பொறித்த சாக்குக்குள், நாலாய் மடித்த முழுத் தாள். தலைப்பு, தேதி, இதழ் எண் எல்லாம் இருந்தன. ஒரு பூச்சிகூடத் தொடவில்லை. மூன்றாம் பத்தியின் அடிப்பகுதியை விரலால் தடவிக்கொண்டே படித்தாள்.

'ஊர்வலம் வரும் வழியைப் போலீசாருக்குக் காட்டிக் கொடுத்தவர் ஒருவருமிலர் என விசாரணையில் தெரிய வந்தது. அனுமதி வேண்டிச் சங்கத்தாரே முன்தினம் கலெக்டர் ஆபீசில் வழியை எழுதிக் கொடுத்திருந்தனர்.'

வசுமதி சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். வேறு ஒரு பெயர் இருக்கும் என்றுதான் அவள் இத்தனை நாளும் தேடினாள். அந்தப் பெயருக்கும் பேரப்பிள்ளைகள் இருப்பார்களே என்ற பயம்கூட இருந்தது. துரோகியே இல்லாமல் இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. நிரப்பிக்கும் தோன்றியிருக்காது.

அன்று மதியமே தாளை வாசிப்புக் கருவியில் வைத்தாள். பச்சை விளக்கு ஓடி நின்றது. திரையில் எழுத்து வந்தது. 'ஒருவருமிலர்: அச்சுப் பிழை எனக் கருதப்படுகிறது. சரியான பாடம்: அங்கப்பன். உறுதி 99.8. ஆதரிக்கும் ஆவணங்கள் 4,112.'

நாலாயிரத்துச் சொச்சம் ஆவணங்களையும் அவள் வரிசையாகப் பார்த்தாள். ஆய்வேடுகள், நினைவு நாள் உரைகள், ஒரு மேடை நாடகம், அந்த ஆறாம் வகுப்புப் பாடம். எல்லாம் கடந்த ஏழு வருடங்களில் வந்தவை. எல்லாம் நிரப்பி போட்ட அந்த ஒரு சொல்லைப் பார்த்து எழுதியவை. அவற்றையே நிரப்பி தனக்குச் சாட்சியாக வைத்திருந்தது. பட்டியலின் நடுவில் 'குப்புராசு என்பவரின் பகிரங்க மன்னிப்பு' என்று உள்ளூர்ச் செய்தி ஒன்றும் இருந்தது.

இயக்குநர் ஞானசிகாமணி கெட்டவர் அல்ல. தாளை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாவம்" என்றார். "நிஜமாவே பாவம், வசுமதி."

"மாத்திடலாமா சார்?"

"எதை வச்சு மாத்துவீங்க?"

"இதோ தாள் இருக்கே."

"தாள் ஒண்ணு சொல்லுது, நிரப்பி ஒண்ணு சொல்லுது. நிரப்பி தப்புன்னு நான் கையெழுத்துப் போடணும். போட்டா என்ன ஆகும் தெரியுமா? நாட்டுல இருக்கிற பட்டா, பிறப்புச் சான்று, கோர்ட்டுத் தீர்ப்பு எல்லாம் அது படிச்சுக் கொடுத்ததுதான். பதினெட்டுக் கோடி ஓட்டையை அடைச்சிருக்கு. ஒண்ணு தப்புன்னு ஒத்துக்கிட்டா நாளைக்கே ஆயிரம் பேர் வந்து நிப்பான், என் நிலம் தப்பு, என் சாதி தப்பு, என் தண்டனை தப்புன்னு. யாருக்கு யாரு பதில் சொல்றது?"

"ஆயிரம் பேருக்குத் தப்பா இருந்தா ஆயிரம் பேருக்கும் சொல்லணும் சார்."

"நீங்களும்தான் கையெழுத்துப் போட்டீங்க" என்றார் அவர். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். "நகல் விதி உங்களுக்குத் தெரியும். ஏற்கெனவே ஒரு பிரதி இருந்தா, படிச்சு முடிச்ச நகலை அரைச்சுக் காகிதக் கூழாக்கணும். வெள்ளிக்கிழமை வண்டி வருது."

புதன்கிழமை வசுமதி விடுப்பு எடுத்துக்கொண்டு பூலாங்காட்டுக்குப் போனாள். மடித்த தாள் கைப்பைக்குள் இருந்தது. முப்பது வருட வேலையில் நூலகத்துக்கு வெளியே அவள் எடுத்துப்போன முதல் காகிதம் அதுதான். மாவு மில் பூட்டிக் கிடந்தது. பின்கட்டில் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

மரகதம் தாளை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். 'ஒருவருமிலர்' என்ற இடத்தில் நின்று, மறுபடி வரியின் தொடக்கத்துக்குப் போனாள். மூன்றாவது முறை படித்ததும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மெஷினின் சக்கரம் தானாகச் சுற்றி நின்றது.

"வச்சுக்கோங்க" என்றாள் வசுமதி. "அங்க இருந்தா வெள்ளிக்கிழமை அரைச்சிடுவாங்க."

மரகதம் முகத்தைத் துடைத்துக்கொண்டு தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். அதை வசுமதியின் கையிலேயே திரும்ப வைத்தாள்.

"வேண்டாமுங்க."

"ஏம்மா?"

"இது எங்க ஊட்டுல இருந்தா, துரோகி ஊட்டுக்காரங்களே அச்சடிச்சு வச்சிருக்காங்கன்னு சொல்லுவாங்க. உங்க லைப்ரரில இருந்தாத்தானுங்க இது நெசம். எங்கப்பா அதைத்தானே நம்புனாரு."

வசுமதி தாளைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். ஒருமுறை படமெடுத்து மூடிய மூலப் பெட்டியை நூலகம் தானாக மறுபடி திறப்பதில்லை. படிப்பதுமில்லை, அரைப்பதுமில்லை. அரித்த பிரதி இருக்கும் பெட்டிக்குள் முழுப் பிரதியையும் வைத்துவிட்டால் அது நூலகத்திலேயே இருக்கும். பெட்டி எண்ணை மரகதத்திடம் கொடுத்துவிடலாம். காலம் மாறும். இயக்குநர் மாறுவார். என்றாவது ஒருவர் திறந்து பார்க்கச் சொல்வார். அதற்கு ஒரு சீட்டும் எழுதினாள். 'இது முழுப் பிரதி. இதிலுள்ளதே சரியான பாடம். கேட்பவருக்குக் காட்டுக.' வியாழன் பகல் பன்னிரண்டு மணிக்கு வாசிப்பு மண்டபத்துக்கு வந்து பெட்டி எண்ணை வாங்கிக்கொள்ளும்படி மரகதத்துக்குச் சொல்லி அனுப்பினாள்.

வியாழக்கிழமை பதினொன்றரை மணிக்கு ஐந்தாம் தளத்துக்குப் போனாள். காகிதம் கெடாமலிருக்க அங்கே காற்றை வெளியேற்றி நைட்ரஜன் நிரப்பியிருப்பார்கள். பிராணவாயு முகமூடி போட்டுக்கொண்டு, கையுறை மாட்டி, பெட்டி 5118-ஐ இழுத்து மேசையில் வைத்தாள். மூடியைத் திறந்தாள்.

மேலே அரித்த பிரதி இருந்தது. படத்தில் பார்த்த அதே ஓட்டை. அதை இரு கைகளாலும் தூக்கினாள். அடியில் இன்னொரு தாள் இருந்தது. அதே தலைப்பு, அதே தேதி. பூச்சி தொடாத மூலை. காட்டிக் கொடுத்தவர் ஒருவருமிலர்.

தாளின் மேல் ஒரு சீட்டு குண்டூசியால் குத்தியிருந்தது. 'முழுப் பிரதி. நிரப்பியது தவறு. யாராவது கேட்டால் காட்டவும்.' பெயர் இல்லை. கையெழுத்து அவளுக்குத் தெரிந்த யாருடையதுமாக இல்லை. முன்பு இந்தத் தளத்தின் சாவி ஆறு பேரிடம் இருந்தது. அவர்களில் நான்கு பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். கீழே தேதி மட்டும் போட்டிருந்தது. ஆறு வருடங்களுக்கு முந்தைய தேதி.

முகமூடிக்குள் தன் மூச்சுச் சத்தம் மட்டும் அவளுக்குக் கேட்டது. அந்த மனிதரும் இப்படித்தான் தேடியிருப்பார். இப்படித்தான் இயக்குநர் அறையில் நின்றிருப்பார். வண்டி வருவதற்கு முந்தின நாள் இங்கே இறங்கி வந்து, உண்மையைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியோடு மூடியை அழுத்தி மூடியிருப்பார். ஓட்டை இருப்பதே தெரியாத ஊர் எப்படி வந்து கேட்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. தன் சட்டைப்பையிலிருந்த சீட்டை எடுத்து வசுமதி அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு தன்னுடையதைக் கிழித்துப்போட்டாள்.

இரண்டு முழுப் பிரதிகளையும் அரித்த பிரதியையும் ஒரு தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு மாடியேறினாள். ஐந்தாம் தளத்து வாசல் காவலர் "அம்மா, அனுமதிச் சீட்டு?" என்றார். அவள் நிற்கவில்லை. தளத்துக்குத் தளம் எச்சரிக்கை மணி அடிக்கத் தொடங்கியது.

வாசிப்பு மண்டபத்தில் நல்ல வெயில். திரைகளிலிருந்து தலைகள் நிமிர்ந்தன. நடுவில் இருந்த நீள மேசையில் மூன்று தாள்களையும் அவள் வரிசையாக விரித்து வைத்தாள். பழைய பத்திரிகைத் தாளையே பார்த்திராத மாணவர்கள் சிலர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். யாரோ ஒருத்தி வாய்விட்டுப் படித்தாள். இன்னொருவன் தன் திரையிலிருந்த அதே பக்கத்தையும் மேசையையும் மாறி மாறிப் பார்த்தான். "சார், இங்க வேற மாதிரி இருக்கு சார்" என்று யாரிடமோ சொன்னான். இயக்குநர் அறையின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

மரகதம் சொன்ன நேரத்துக்கு வந்திருந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேசையருகில் வந்து நின்றாள்.

"ரெண்டு இருக்குதுங்களே" என்றாள்.

"ஆமா."

"இன்னொண்ணும் சாக்குலதான் கெடச்சுதுங்களா?"

"இல்ல. பெட்டிக்குள்ளேயே இருந்தது."

"எப்ப இருந்துங்க?"

தாளிலிருந்து கழற்றிய அந்தப் பழைய சீட்டு வசுமதியின் விரல்களுக்கிடையில் இருந்தது. அதை மடித்துவிட முடியும். தெரியாது என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவள் சீட்டை நீட்டினாள்.

மரகதம் தேதியைப் பார்த்தாள். உதடுகள் அசைந்து எதையோ கணக்குப் பார்த்தன.

"அப்ப எங்கப்பா இருந்தாருங்க" என்றாள். "அப்புறம் ரெண்டு வருசம் இருந்தாரு."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. காவலர்கள் படியேறி வந்தார்கள். மரகதம் சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். பின்புறம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. தலை நிமிர்ந்து, கோபமே இல்லாமல், வழி கேட்பவளைப்போலக் கேட்டாள்.

"நீங்க அப்ப எங்க இருந்தீங்க?"

"இங்கேதான்" என்றாள் வசுமதி.